38400-இல் எழுத்து விழுவதற்கு அடாப்டர் காரணமில்லை

குளச்சல் நண்பரே, உங்கள் பழைய 386 டாஸ் கணினி சீரியல் போர்ட்டில் நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஒழுங்காகப் பேசி, 38400-க்கு ஏற்றியதும் எழுத்துகளை விழுங்குகிறது என்றால், நீங்கள் செய்த மேக்ஸ்3232 அடாப்டரை (சீரியல் சிக்னலின் மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிப் வைத்தது) நான் சந்தேகிக்க மாட்டேன். சீரியல் கார்டைக் கழற்றி, அதிலுள்ள பெரிய சிப்பின் எண்ணைப் பாருங்கள். 8250 அல்லது 16450 என்றால் அதுதான் ஆள். வந்த பைட்டை டிரைவர் (போர்ட்டைக் கவனிக்கும் மென்பொருள்) எடுப்பதற்குள் அடுத்தது அதன் மேல் ஏறிவிடும். இவற்றுக்குப் பின் வந்த 16550ஏ சிப்பில் 16 பைட் வரிசையில் நிற்கும். சிப் சாக்கெட்டில் இருந்தால் மாற்றுவது எளிது, ஆனால் டிரைவரும் அந்த வரிசையை இயக்க வேண்டும். அப்புறம், ‘அனுப்பு’, ‘பொறு’ என்று இரு பக்கமும் சொல்லிக்கொள்ளும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் வயர்களையும் இணைத்துவிடுங்கள். மேக்ஸ்3232-இல் அனுப்ப, பெற உதவும் இரண்டாவது ஜோடி சும்மாதானே கிடக்கிறது? கடலோர வீடு வேறு. சாக்கெட் கால்களில் பச்சை பூத்திருந்தால் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) தொட்டுத் துடைத்த பிறகே புதிய சிப்பைச் செருகுங்கள்.