முல்லை மொட்டு ஏன் ஊதாவாகிறது? (தோட்டக் கேள்வி பதில்)

கேள்வி: எங்கள் முல்லைக் கொடியில் மொட்டு நிறையத்தான் வைக்கிறது. ஆனால் பாதிக்கு மேல் விரியாமலே ஊதா நிறமாகி உதிர்ந்துவிடுகிறது. உரம் பற்றவில்லை என்கிறார் ஒருவர், பூச்சி என்கிறார் இன்னொருவர். எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தை அப்புறம் பார்ப்போம். முதலில் ஊதாவான மொட்டுகளில் ஒரு பத்தைப் பறித்து வெள்ளைத் தட்டில் போட்டு, ஒவ்வொன்றையும் நகத்தால் நீளவாக்கில் கீறிப் பிரியுங்கள். ஐந்து நிமிட வேலை. மொட்டை ஊதாவாக்கி உதிர வைப்பது ஒரே பூச்சி இல்லை, இரண்டு இருக்கின்றன, ஒன்றுக்குக் கேட்கிற மருந்து மற்றதற்குக் கேட்காது, அதனால்தான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

மொட்டின் பக்கவாட்டில் சின்னதாக ஒரு வட்ட ஓட்டை, உள்ளே கறுப்புத் தலையோடு பச்சைப் புழு ஒன்று, பக்கத்திலேயே துகள் துகளாக எச்சம்: இது மொட்டுப்புழு. வெள்ளை நிறத்தில் ஒரு சின்ன அந்துப்பூச்சி, இறக்கையில் கறுப்பு நெளிகோடு போட்டிருக்கும், அதன் வாரிசு. ஒரு மொட்டோடு நிற்காது. பக்கத்து மொட்டுகளையும் நூல் விட்டு இழுத்துக்கட்டி ஒவ்வொன்றாகக் குடைந்துவிட்டுப் போகும். அதனால் நூலாம்படை தெரிகிற கொத்தை யோசிக்காமல் கொத்தோடு கிள்ளி எடுத்துவிடுங்கள். பி.டி. என்று சொல்கிற பாக்டீரியா மருந்து இதற்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் புழு அதைத் தின்றால்தான். மொட்டுக்குள் புகுந்துவிட்ட புழு மேலே தெளித்ததை எங்கே தின்னப் போகிறது? மொட்டுகள் பச்சையாக, சின்னதாக இருக்கும்போதே, சாயங்காலம் தெளியுங்கள். வெயில் பட்டால் அது சீக்கிரம் வீரியம் இழந்துவிடும்.

ஓட்டையே இல்லை, ஆனால் மொட்டின் அடிப்பக்கம் வீங்கி, ஆளே குட்டையாகிவிட்டது, பிரித்தால் கால் இல்லாத, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீள வெள்ளைப் புழுக்கள் பல இருக்கின்றன, அதில் சிலது உடம்பை வளைத்துத் தட்டில் துள்ளுகிறது என்றால் அது மொக்கு ஈயின் புழு. இதுதான் பெரிய தொல்லை. கொசுவைவிடச் சின்ன ஈ, மொட்டின் நுனியில் முட்டையை வைத்துவிட்டுப் போய்விடும். புழு மொட்டுக்குள்ளேயே தின்று வளர்ந்து, மண்ணில் விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, மூன்று நான்கு வாரத்தில் மறுபடி ஈயாக மேலே வந்து நிற்கும். நீங்கள் கொடிக்கு மருந்தடித்துக்கொண்டே இருப்பீர்கள், அது கொடியின் காலடியில் நிம்மதியாக இருக்கும். பி.டி.யும் இதை ஒன்றும் செய்யாது.

ஆகவே தரையில் வேலையைத் தொடங்குங்கள். உதிர்ந்த மொட்டைத் தினமும் கூட்டி எடுங்கள், ஊதாவாகிக் கொடியில் தொங்குவதையும் சேர்த்துப் பறியுங்கள். உரக்குழியில் போடாதீர்கள், அங்கேயும் புழு வளர்ந்துவிடும்; ஒரு பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி நல்ல வெயிலில் சில நாள் வைத்தால் வெந்துவிடும். கொடிக்கு அடியில் வாரம் ஒருமுறை மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். தொட்டிச் செடியென்றால் மண்ணின் மேல் ஒரு துணியை விரித்துவையுங்கள், விழுகிற புழு மண்ணுக்குப் போக முடியாது, உதறி எடுத்துவிடலாம். இதை ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும். இரண்டு நாள் செய்துவிட்டு ஒன்றும் குறையவில்லையே என்று எழுதாதீர்கள்.

பத்து மொட்டிலும் ஒரு புழுவும் இல்லையா? அப்படியானால் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். காயவிட்டு, அப்புறம் மொத்தமாக ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மல்லிகைக் கொடியின் இலையிலும் தண்டிலும் வெள்ளை வெல்வெட் ஒட்டியதுபோல இருக்கிறது. பூஞ்சை மருந்து இரண்டு முறை அடித்தும் போகவில்லை.

பதில்: போகாது, அது பூஞ்சையே இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேன் சாறை உறிஞ்சும்போது, இலையே அந்த இடத்தில் ரோமம் ரோமமாக வளர்த்துக்கொள்கிறது, பேன் அதற்குள் குடியிருக்கிறது. விரலால் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நோய் என்கிற பூஞ்சையாக இருந்தால் மாவுபோல ஓரளவு வந்துவிடும், இது இலையோடு ஒட்டிக்கொண்டு கம்பளித் துணிபோல இருக்கும். ரோமம் வந்த இலை பழையபடி ஆகாது, அந்தக் கிளைகளை வெட்டி அப்புறப்படுத்துங்கள். பிறகு நனையும் கந்தகத்தை, அதாவது தண்ணீரில் கலக்கிற கந்தகத் தூளை, லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். கொளுத்துகிற வெயிலில் வேண்டாம். வேப்பெண்ணெய் தெளித்திருந்தால் இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள், எண்ணெயும் கந்தகமும் சேர்ந்தால் இலை கருகிவிடும்.

கேள்வி: கொடி முழுக்க எறும்பு ஏறுகிறது. எறும்புப் பொடி போட்டால் போதுமா?

பதில்: எறும்பு வாடிக்கையாளர் மட்டும்தான், கடை வேறு இடத்தில் இருக்கிறது. கொழுந்தையும் இலையின் அடியையும் பாருங்கள், அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும். அவை கழிக்கிற இனிப்பு நீரைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. இலை பிசுபிசுக்கிறதும், மேலே கரி பூசியதுபோல ஆவதும் அதனால்தான். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினால் அசுவினி பெரும்பாலும் போய்விடும். மாவுப்பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். நடுவில் பொறிவண்டு தெரிந்தால் எதையும் தெளிக்காமல் ஒரு வாரம் சும்மா இருங்கள், அது உங்கள் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது.

கேள்வி: வேப்பெண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலேயே மிதக்கிறதே?

பதில்: ஒரு லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய். அதை முதலில் இரண்டு மூன்று மில்லி திரவ சோப்போடு நன்றாகக் குழப்பி, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள், பால்போல ஆக வேண்டும். துணி துவைக்கிற பவுடர் வேண்டாம், இலையைப் பொசுக்கும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், விரிந்த பூவின் மேல் படக்கூடாது, தேனீ வரும். அடிப்பது சாயங்காலம். நான் ஒருமுறை அவசரப்பட்டு உச்சி வெயிலில் அடித்துவிட்டு, மறுநாள் கொழுந்தெல்லாம் பொரித்த அப்பளம்போலச் சுருண்டு நின்றதைப் பார்த்து, பூச்சியே தேவலை என்று நினைத்திருக்கிறேன். அதனால் முதலில் ஒரு கிளையில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பார்த்துவிட்டு மீதிக்கு அடியுங்கள்.