திருநெல்வேலி டவுணில் தாத்தா வைத்திருந்த பழைய கடையை ஊர்க்காரர்களிடம் விசாரித்துக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் கண்டுபிடித்ததை வீட்டில் எப்படிச் சொல்வது என்பதையும் யோசித்துக்கொண்டு இறங்குங்கள். நான் யோசிக்காமல் இறங்கினேன்.

நீங்கள் வெளியூரில் இருக்கிறீர்கள், வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவீர்கள், கடையின் பெயர் மட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் பெயரை நம்பாதீர்கள். பலகையில் ஒரு பெயர் இருக்கும், ஊர் வாயில் வேறு பெயர் இருக்கும். கீழரத வீதி இருட்டுக்கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. அது அல்வா வாங்க வந்தவர்கள் வைத்த பெயர். மிட்டாய்க்கடையை யார் நடத்தினாலும் எங்களுக்கு அது லாலா கடைதான்.

இருட்டுக்கடை பேச்சு வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெல்லையின் பழைய கடைகள் என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் ஏன் அந்த ஒரு வாசலிலேயே போய் நிற்கிறார்கள்? அல்வாவை வாயில் போட்டுக் கண்ணை மூடினால் ஊர் வரலாறு முடிந்துவிடுமா? நாட்டு மருந்துக்கடை, குடை ரிப்பேர் கடை, பாத்திரக்கடைப் பக்கமெல்லாம் ஒரு கேமராவும் திரும்பாது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் 'நம்ம கடை' என்றால் டவுணில் வாகையடி முக்குப் பக்கம் இருந்த பாத்திரக்கடை. தாத்தா கடை. "நம்ம கடை மட்டும் இருந்திருந்தா" என்று தொடங்காமல் என் அப்பாவும் சித்தப்பாவும் பணத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. கடை மூடும்போது அவர்கள் இரண்டு பேருக்குமே விவரம் தெரியாத வயது.

2018 ஆனித் தேரோட்டத்துக்குப் போயிருந்தபோது விசாரிக்கத் தொடங்கினேன். முதல் நாள் முழுக்க வீண். "1960 வாக்கில் இங்கே ஒரு பாத்திரக்கடை" என்று கேட்டால் யாருக்கும் பிடி கிடைக்கவில்லை. வருடத்தை வைத்துக் கேட்காதீர்கள். ஈரடுக்கு மேம்பாலம் கட்டுவதற்கு முன்னாலா, பின்னாலா என்று கேளுங்கள். பிந்திய காலம் என்றால் 1992 நவம்பர் வெள்ளத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்கலாம். ரத வீதிக் கடை என்றால் இன்னும் சுலபம்: தேர் அந்த முக்கில் திரும்பும்போது எதிர்த்தாற்போல் என்ன கடை இருந்தது என்று கேட்டால் கண் முன்னால் பார்ப்பது போலச் சொல்வார்கள்.

நான் செய்த பெரிய தப்பு, "எங்க தாத்தா கடை" என்று சொல்லிக் கேட்டது. நம்ம ஊர் மரியாதை உங்களுக்குத் தெரியும். "ஆமா ஆமா, பெரிய முதலாளில்லா" என்று மூன்று பேர் சொன்னார்கள். அதில் ஒருவர் அதைக் குடைக்கடை என்றார்.

கடைசியில் வழி காட்டியது ஆச்சியின் குத்துப்போணி என்கிற பித்தளைப் பாத்திரம். விளிம்பில் ஆச்சி பெயரும் பக்கத்தில் 1131 என்றும் வெட்டியிருக்கும். கதவு எண் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஒரு டீக்கடையில் விசாரித்து, அந்தக் காலத்தில் பாத்திரத்தில் பெயர் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரைப் பிடித்தேன். எண்பதைத் தாண்டியவர். போணியை வாங்கி விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "கொல்லம் ஆண்டு தம்பி" என்றார். நம் பக்கத்தில் கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கும். அதோடு 824 கூட்டினால் ஆங்கில வருடம், தை பிறந்துவிட்டால் பெரும்பாலும் 825. ஆச்சிக்குத் தையில் கல்யாணம். அப்படியென்றால் 1956. பழைய பத்திரங்களிலும் இந்தக் கணக்கு வரும், பயந்துவிடாதீர்கள்.

அப்புறம் அவரே சொன்னார்: "இது என் கைதான். எழுத்துக்கு இவ்வளவுன்னு கூலி. ஒங்க ஆச்சி பேர்ல மூணு புள்ளி வரும். புள்ளிக்கும் சேத்துக் கேட்டேன், ஒங்க தாத்தா தரல. கணக்கப்பிள்ளைல்லா, விடுவாரா?"

"கணக்கப்பிள்ளையா?"

"ஆமா. மொதலாளி சாயங்காலம் வந்து கல்லாவ எண்ணிட்டுப் போவாரு. கடைய நடத்துனது பூரா ஒங்க தாத்தாதான்."

ஒரு கிழவர் சொன்னதை நம்பித் தாத்தாவைச் சம்பளக்காரர் ஆக்கிவிட்டாயே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். சித்தப்பா மகனே இதைப் படிப்பான். அதற்காகவே சொல்கிறேன்: அதன்பிறகு, முன்னே பின்னே அறிமுகம் இல்லாத இரண்டு பேரிடம், தாத்தா பேச்சே எடுக்காமல், அந்தக் கடை யாருடையது என்று மட்டும் கேட்டேன். ஒருவர் அங்கே மூட்டை இறக்கியவர், இன்னொருவர் எதிரே பூ விற்ற அம்மா. இரண்டு பேரும் அதே முதலாளியைத்தான் சொன்னார்கள். கடையில் கூலி பாக்கி உள்ளவர்களையும் கடன் வைத்தவர்களையும் தேடிப் பிடியுங்கள். அவர்களுக்கு மறப்பதில்லை.

அப்பாவிடம் சொன்னேன். ஒரு வாரம் பேசவில்லை. சித்தப்பா, "எவன் சொன்னது?" என்று கேட்டவர், இன்றைக்கும் அதே கேள்வியில்தான் நிற்கிறார்.

முதலாளியின் பேரன் சிந்துபூந்துறையில் இருக்கிறார் என்று தெரிந்து போனில் பேசினேன். "பேரேடு, நாள்வழி எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில கெடக்கு. எப்ப வேணாலும் வாங்க அண்ணாச்சி" என்றார். நான் போகவில்லை. வேலை, கொரோனா என்று காரணம் சொல்லலாம். உண்மையில், தாத்தா பெயருக்கு நேரே சம்பளத் தொகை எழுதியிருப்பதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் ஆறு அந்தத் தெருவுக்குள் வந்தது. தை மாதம் போன் செய்தேன். "நனைஞ்சு கட்டியாப் போச்சு அண்ணாச்சி, குப்பை வண்டில ஏத்திட்டோம்" என்றார்.

அதில் தாத்தாவின் கையெழுத்து இருந்திருக்கும். வீட்டில் அவர் எழுதிய ஒரு துண்டுத்தாள்கூடக் கிடையாது.

உங்கள் வீட்டில் பழைய பித்தளை ஏதாவது மிஞ்சியிருந்தால் விளிம்பைப் பாருங்கள். எவர்சில்வர் வந்தபோது எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றால், கடைப்பெயர் அச்சடித்த மஞ்சள் பை, பழைய போட்டோவின் பின்பக்கத்து ஸ்டூடியோ முத்திரை, இப்படி ஏதாவது இருக்கும். பேரேடு இருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே ஆட்டோ பிடித்துப் போய்ப் பக்கம் பக்கமாக போட்டோ எடுத்துவிடுங்கள். படிப்பதா வேண்டாமா என்று அப்புறம் யோசித்துக்கொள்ளலாம்.