29 வயதில் டைம் ட்ரயல்: வேலையை இப்போது விடாதீர்கள்

வணக்கம் தோழி. 29 வயதாகிவிட்டது, பெங்களூரு ஒயிட்ஃபீல்டு வேலையை விட்டுவிட்டு, தனி ஆளாகக் கடிகாரத்தோடு போட்டி போடும் சைக்கிள் டைம் ட்ரயலில் இறங்கலாமா, ஏரோபாரில் (காற்றுத் தடை குறைய முன்கையை ஊன்றிக் குனியும் கம்பி) குனிந்தாலே மிதிக்கும் சக்தி 30 வாட் குறைகிறதே என்று கேட்டிருந்தீர்கள்.

வயதை நினைத்துத் தயங்கவே வேண்டாம். அமெரிக்காவின் கிறிஸ்டின் ஆம்ஸ்ட்ராங் டிரையத்லானில் இருந்தவர். இடுப்பு மூட்டுத் தேய்மானம் வந்ததால்தான் சைக்கிளுக்கே வந்தார். 2008, 2012, 2016 என மூன்று ஒலிம்பிக்கிலும் டைம் ட்ரயல் தங்கம். கடைசித் தங்கம் 43வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள்! ரியோவுக்குத் தயாரானபோது மருத்துவமனை வேலையிலும் இருந்தார். அதனால் சம்பளத்தை இப்போதைக்கு விடாதீர்கள்.

சரி, அந்த 30 வாட். குனியும்போது இடுப்புக் கோணம் சுருங்கி, முழங்கால் மேலே வரும் இடத்தில் தொடை வயிற்றில் இடிக்கும். சீட்டைப் போட்டி விதிக்குள் சற்று முன்னே தள்ளிப் பாருங்கள். அப்புறம், வாரம் இரண்டு விடியற்காலை தேவனஹள்ளிப் பக்கம் போய், அதே நிலையில் பத்துப் பத்து நிமிடமாக மிதியுங்கள். எனக்கு முதல் மாதம் பிடரி கல்லாக இறுகிக் கிடந்தது, பிறகு பழகிவிட்டது. நந்தி மலை ஏற்றம் இதற்கு உதவாது. சமதளத்தில் 40 கி.மீ. வேகத்தில் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் காற்றுதான். பத்து வாட் போனாலும் குனிந்தவருக்கே லாபம்.

பக்கவாட்டில் எடுத்த வீடியோ ஒன்று போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.