வெந்நீர்த் தொட்டியில் என் இரண்டாவது பிரசவம்

தண்ணீரில் பிள்ளை பெற்றால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்ன நன்மை என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பிரசவத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, அசைய விடாமல், தையல் போட்டு, ஒரு மாதம் ஒழுங்காக உட்கார முடியாமல் அழுதவராக இருப்பீர்கள் என்று தோன்றுகிறது. நான் அப்படித்தான் இருந்தேன்.

எங்களுக்குக் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை பக்கம். இங்கே பிரசவம் என்றால் பாலக்காடு, இல்லாவிட்டால் கோயம்புத்தூர். நான் தண்ணீரில் பெறுவதற்காகவே ஒன்பதாம் மாதமே கொச்சிக்குப் போய் வாடகைக்கு வீடெடுத்துத் தங்கினேன். "தண்ணிக்குள்ள பொறந்தா புள்ளைக்கு மூச்சு முட்டாதா கண்ணு?" என்று அத்தை கேட்டார். நியாயமான கேள்விதான். வெளியே வரும்வரை பிள்ளைக்குத் தொப்புள்கொடி வழியாகத்தான் ஆக்சிஜன் போகிறது, முகத்தில் காற்றுப் பட்ட பிறகுதான் மூச்சை இழுக்கும். அதனால் வெளியே வந்ததும் மேலே தூக்கிவிட வேண்டும், மறுபடி முகம் தண்ணீரில் முங்கக் கூடாது. உள்ளே ஏற்கெனவே திணறுகிற பிள்ளையென்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சிழுத்துவிடலாம், அதற்குத்தான் அடிக்கடி இதயத்துடிப்பு பார்க்கிறார்கள்.

கர்ப்பப்பை வாய் ஐந்து சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் என்னைத் தொட்டியில் இறங்க விட்டார்கள். நெஞ்சு வரை தண்ணீர், சூடு முப்பத்தேழு டிகிரி. ஒரு சேச்சி தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்து வெந்நீர் மொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். வலி போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இடுப்பைப் பிடித்து முறுக்கியது தளர்ந்தது, முட்டி போட்டுத் தொட்டி விளிம்பில் தலை சாய்க்க முடிந்தது. முதல் தடவை யாரும் என்னைத் திரும்பிப் படுக்கக்கூட விட்டதில்லை. பிள்ளை வழுவழுவென்று மார்பில் வந்து விழுந்து, கொஞ்ச நேரம் அழாமல் முழித்துப் பார்த்தது. நஞ்சுக்கொடி வெளியேறியது தொட்டியை விட்டு இறங்கிய பிறகு.

நான் டாக்டர் இல்லை. காசிருப்பவர் கூத்து என்று எழுத வருகிறவர்களுக்கு: என் வளையலை அடகு வைத்துத்தான் போனேன். பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டு 2018இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, வலி நேரத்தில் தண்ணீரில் இருந்தவர்களுக்கு முதுகில் போடும் வலிமரப்பு ஊசி கொஞ்சம் குறைவாகத் தேவைப்பட்டது என்கிறது. பிள்ளைக்குத் தனியாக நன்மை என்று உறுதியாக எதுவும் இல்லை. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2016இல், வலிக்குத் தண்ணீர் சரி, பெறுவது வெளியே இருக்கட்டும் என்றது. தொற்று வரலாம், தூக்கும்போது கொடி அறுந்தும் போகலாம். இரட்டைப் பிள்ளை, பிரஷர், குறைமாதம், பிள்ளை கால் பக்கமாக இருப்பது என்றால் வேண்டவே வேண்டாம். யூடியூப் பார்த்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள், ஆபரேஷன் தியேட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

பிரசவத்தைவிட என்னை அழவைத்தது பிறப்புச் சான்றிதழ். மலையாளிகள் பெயரோடு சேர்க்கும் குடும்பப் பெயரான வீட்டுப் பேர் என்ன என்று கேட்டார்கள். எங்களுக்கு ஏது வீட்டுப் பேர், அப்பா பேரின் முதலெழுத்துதான் இனிஷியல் என்றேன். அந்த அலுவலகத்தில் அவர்களே எதையோ எழுதி, பிள்ளை பெயரையும் தப்பாக்கினார்கள். கைக்குழந்தையோடு கொச்சிக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன். எல்லையில் இருக்கும் தமிழருக்கு ஒவ்வொரு படிவத்திலும் இதே பாடு.

எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அடுத்த செக்கப்பில், வலி நேரத்தில் எழுந்து நடக்க, முட்டி போட, வெந்நீர் ஊற்றிக்கொள்ள விடுவீர்களா என்று கேளுங்கள். தொட்டி இல்லாத இடத்திலும் அதைக் கேட்கலாம். முதல் தடவை எனக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.