பாதியாய்க் குறைந்த இழுவை

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியின் காற்றுச் சுரங்கத்தில், 15 செ.மீ. விட்டமுள்ள வழவழப்பான பந்தை வைத்து, நொடிக்கு 30 மீட்டர் வேகக் காற்றில் அதன் இழுவையை (காற்று பந்தைப் பின்னுக்குத் தள்ளும் விசையை) அளந்தோம். பாடநூல் கோளத்தின் இழுவைக் கெழுவை (இழுவையின் அளவைக் காட்டும் அலகில்லா எண்ணை) ஏறத்தாழ 0.47 என்கிறது, எங்களுக்கு வந்ததோ 0.2. தராசைப் பலமுறை சரிபார்த்துவிட்டோம். தவறு எங்கே? (மாணவர் ஒருவர்)

பதில்: தராசைச் சந்தேகிக்க வேண்டாம். இதே குழப்பம் 1912-இல் ஐரோப்பாவின் இரு பெரிய ஆய்வுக்கூடங்களுக்கிடையே எழுந்தது. பாரிஸ் கோபுரத்தால் பெயர் பெற்ற குஸ்தாவ் எஃபெல், முதுமையில் காற்றியக்க ஆய்வில் இறங்கி, தம் காற்றுச் சுரங்கத்தில் கோளங்களை அளந்தபோது, ஜெர்மனியின் கொட்டிங்கனில் காற்றியக்க அறிஞர் லுட்விக் பிராண்டலின் கூடத்தில் கிடைத்த மதிப்பில் பாதிகூட அவருக்கு வரவில்லை. எஃபெல் கணக்கில் பிழை இருக்கும் என்றே முதலில் கருதப்பட்டது. ஆனால் இரு தரப்பும் சரியாகத்தான் அளந்திருந்தன; வேறுபாடு பந்தை ஒட்டிய காற்றோட்டத்தில் இருந்தது.

பந்தின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் மெல்லிய காற்றடுக்கை எல்லைப் படலம் என்கிறோம். அது அமைதியாக அடுக்கடுக்காக ஓடினால், முன்முனையிலிருந்து சுமார் 80 பாகையிலேயே பரப்பை விட்டுப் பிரிந்து, பந்தின் பின்னால் அகலமான சுழற்பகுதியை உண்டாக்கும்; இழுவையின் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. படலம் கொந்தளிப்பாக மாறிவிட்டால், வெளிக்காற்றின் வேகத்தை உள்ளே கலந்துகொண்டு சுமார் 120 பாகை வரை பரப்போடு ஒட்டிச் செல்லும். சுழற்பகுதி குறுகி, இழுவையும் சரியும். 1914-இல் பிராண்டல் கோளத்தின் முன்பாதியில் மெல்லிய கம்பி வளையம் ஒன்றைப் பொருத்தினார். அது படலத்தைக் கொந்தளிப்பாக்கியதால், தடை ஒன்றைக் கூட்டியும் இழுவை குறைந்தது! (கோல்ஃப் பந்தின் குழிகளும் இந்த வேலையைத்தான் செய்கின்றன, கிரிக்கெட் பந்தின் தையல் ஒரு பக்கத்தில் மட்டும் இதைச் செய்வதால் பந்து ஸ்விங் ஆகிறது.)

உங்கள் சோதனையில் ரெனால்ட்ஸ் எண் (காற்றின் வேகத்தையும் பந்தின் விட்டத்தையும் பெருக்கி, காற்றின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் வருவது) ஏறத்தாழ 3 லட்சம். பாடநூலின் மதிப்பு அதைவிட மிகக் குறைந்த எண்களுக்கு, அதாவது பல்லாயிரங்களின் அளவுக்கு உரியது. அமைதியான வெளிவளியில் (சுரங்கத்துக்கு வெளியே உள்ள திறந்த காற்றில்) வழவழப்பான கோளத்தின் கெழு சரிந்து 0.3-ஐத் தொடுவது சுமார் 3.85 லட்சத்தில்; உங்களுக்கு அதற்கு முன்பே சரிந்துவிட்டது என்றால், பந்தை அடையும் காற்றே கொந்தளிப்போடு வருகிறது என்று பொருள்.

ஆகவே பந்தைக் கழற்றிவிடாதீர்கள். காற்றுச் சுரங்கத்தைச் சோதிக்க அதைவிட எளிய கருவி கிடையாது. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, கெழு 0.3 ஆகும் இடத்து ரெனால்ட்ஸ் எண்ணைக் குறித்து, 3.85 லட்சத்தை அதனால் வகுங்கள். இதற்குக் கொந்தளிப்புக் காரணி என்று பெயர். எடுத்துக்காட்டாக அந்த எண் 2.5 லட்சம் என்றால் காரணி 1.54. இறக்கை மாதிரியைச் சோதிக்கும்போது, உங்கள் ரெனால்ட்ஸ் எண்ணை இந்தக் காரணியால் பெருக்கித்தான் வெளிவளியோடு ஒப்பிட வேண்டும். பந்தைப் பின்புறத் தண்டில் தாங்குங்கள். பக்கவாட்டுத் தாங்கி ஓட்டத்தைக் கெடுக்கும்.

காரணி மிகவும் பெரிதாக இருந்தால், காற்று நுழையும் வாயிலில் ஓட்டத்தை நேராக்கும் தேன்கூட்டு அமைப்பையும் அதையடுத்த கம்பிவலைகளையும் கழற்றிப் பாருங்கள். அவற்றின் துளைகளில் தூசி அடைத்திருந்தால் ஓட்டம் சீர்குலையும். துடைத்தபின் பந்தை மறுபடி ஏற்றி அளந்து, இரு எண்களையும் எழுதுங்கள்.