வேலை வேண்டாம், சொந்தத் தொழில்தான் என்கிறாளா மகள்?

உங்கள் கடிதத்தின் சாரம் இதுதான் சார்: மகள் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள், கையில் ஒரு வேலைக்கான உத்தரவும் வந்துவிட்டது. ஆனால் "வேலைக்குப் போகமாட்டேன், சொந்தமாகத் தொழில் செய்யப்போகிறேன்" என்று அடம்பிடிக்கிறாள். அவள் மனதை மாற்ற வழி கேட்கிறீர்கள். அதை அப்புறம் பார்க்கலாம். என்ன தொழில் என்று அவளிடம் கேட்டீர்களா? இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், அது மட்டும் எங்கும் இல்லை.

கேட்பது முக்கியம், ஏனென்றால் சொந்தத் தொழில் என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று வாழ்க்கைகள் இருக்கின்றன. ஒன்று, தன் திறமையைத் தானே விற்பது: வடிவமைப்பாளர், மொழிபெயர்ப்பாளர், மென்பொருள் எழுதுபவர் மாதிரி. இதற்குப் பெரிய முதலீடு தேவையில்லை. போவது பெரும்பாலும் நேரம்தான். இரண்டாவது, நாலு பேரை வேலைக்கு வைத்து நடத்தும் சிறுதொழில். விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் வாடகையும் சம்பளமும் மாதாமாதம் போய்க்கொண்டே இருக்கும். மூன்றாவது, வெளியாரின் முதலீட்டை வாங்கி வேகமாக வளரத் துடிக்கும் ஸ்டார்ட்-அப். செய்திகளில் அடிபடுவது இதுதான், ஆனால் எண்ணிக்கையில் மிகக் குறைவு. அமெரிக்காவில் சிறுதொழில் தொடங்கியவர்களைப் பற்றி எரிக் ஹர்ஸ்ட்டும் பெஞ்சமின் பக்ஸ்லியும் 2011-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பெரும்பாலோருக்குப் பெரிதாக வளரும் எண்ணமே கிடையாது. தனக்கு மேல் ஒரு அதிகாரி இருக்கக் கூடாது, நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்பதே பலருடைய ஆசை. நீங்கள் பயப்படுவது இரண்டாவது வகையை நினைத்து, வீட்டுப் பத்திரம் அடமானம் போய்விடுமோ என்று. அவள் மனதில் முதல் வகை இருந்தால் இத்தனை நாள் இருவரும் வேறு வேறு விஷயத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறீர்கள்.

"பத்தில் ஒன்பது தொழில் முதல் வருடமே மூடிவிடும்" என்று உங்களிடம் யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது தவறு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் கணக்கில், புதிதாகத் தொடங்கியவற்றில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் ஆண்டில் மூடப்படுகிறது. ஐந்து ஆண்டில் பாதி மிஞ்சும், பத்து ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. மூடியவர்கள் எல்லாம் நஷ்டப்பட்டவர்களும் அல்லர். விற்றுவிட்டவர்கள், நல்ல வேலை கிடைத்துப் போனவர்கள் அதில் உண்டு.

ஆனால் மகளிடம் சொல்ல வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது, அது அவளுக்குப் பிடிக்காது. பொருளியலாளர் பார்ட்டன் ஹாமில்டன் 2000-ல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கத் தரவுகளைப் பார்த்தது: பத்து ஆண்டு சொந்தத் தொழில் செய்தபின் நடுவில் நிற்கும் ஒருவருடைய வருமானம், அதே காலம் சம்பளத்துக்கு உழைத்திருந்தால் கிடைத்திருப்பதைவிடச் சுமார் 35 சதவீதம் குறைவு. மேலே இருக்கும் சிலர் மிக அதிகமாகச் சம்பாதிப்பதால் சராசரி மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. சுதந்திரத்துக்காக அந்த வருமானத்தை விட்டுக்கொடுப்பது தப்பில்லை. தெரிந்தே விட்டுக்கொடுக்கிறாளா என்பதுதான் என் கேள்வி.

வயதைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. இருபது வயதில் தொடங்காவிட்டால் ரயில் போய்விடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். பியர் அஸூலே உள்ளிட்ட நால்வர் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் ஆட்களை வேலைக்கு வைக்கும் அளவுக்கு வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 42. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர்களுக்கோ 45. அதே துறையில் முன்பு வேலை பார்த்த அனுபவம் இருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு தெளிவாகவே கூடுதல். யார் வாங்குகிறார்கள், யார் கடன் சொல்லி இழுத்தடிக்கிறார்கள், எந்த விலைக்கு மேல் கேட்டால் ஆள் ஓடிவிடுவார் என்பதெல்லாம் வகுப்பில் வராது. அடுத்தவர் செலவில் கற்றுக்கொள்ள வேலையைவிட நல்ல இடம் இல்லை.

அதனால் என் யோசனை, அவள் வேலையில் சேர்ந்து, மாலையிலும் விடுமுறையிலும் தன் தொழிலைச் சிறிதாக நடத்திப் பார்க்கட்டும் என்பது. இது கோழைத்தனம் என்று அவள் சொல்லலாம். ஜோசப் ரஃபியும் ஜீ ஃபெங்கும் 2014-ல் ஓர் ஆய்வில் காட்டியது வேறு: வேலையில் இருந்தபடி தொடங்கிப் பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தொழிலைக் கைவிடும் வாய்ப்பு, நேராகக் குதித்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஓடாது என்று தெரிந்தவர்கள் வேலையை விடும் முன்பே நிறுத்திக்கொள்கிறார்கள், அதனால்தான். ஒரே எச்சரிக்கை: கையெழுத்துப் போடும் முன் வேலை ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கச் சொல்லுங்கள். வெளி வேலை செய்யத் தடை, பணிக்காலத்தில் உருவாக்குவது எல்லாம் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற நிபந்தனை, இரண்டும் பல ஒப்பந்தங்களில் உள்ளே ஒளிந்திருக்கும்.

அவள் சொல்வது முதல் வகை என்றால் வேறொரு சிக்கல் உண்டு. ஒரே நிறுவனத்துக்கு மட்டும் உழைத்து, விலையை அவர்கள் நிர்ணயித்து, மறுக்கவும் முடியாத நிலை என்றால் அது பெயரளவுக்குத்தான் சுயதொழில். சம்பளக்காரருக்குக் கிடைக்கும் விடுப்பு, காப்பீடு எதுவும் வராது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்பவர்கள் அல்லர், தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது இதே கேள்வியில்தான். கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள் என்பது அந்த வழக்கில் பெரிய விஷயமாக இருந்தது. மகளும் அதையே கேட்டுக்கொள்ளட்டும்.

இனி உங்கள் பணம். 18-ஆம் நூற்றாண்டிலேயே பொருளியலாளர் ரிச்சர்ட் கான்டிலான் சொல்லிவிட்டார்: தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவரே தொழில்முனைவோர். அந்தத் தெரியாத பகுதியைத் தாங்க யாரோ இருக்க வேண்டும். பெரும்பாலும் அது குடும்பம்தான். பரம்பரைச் சொத்தோ அன்பளிப்போ கிடைத்தவர்கள் சொந்தத் தொழிலில் இறங்கும் வாய்ப்பு கூடுதல் என்று பொருளியலாளர்கள் பிளாஞ்ச்ஃப்ளவரும் ஆஸ்வால்டும் 1998-ல் காட்டினார்கள். திறமையும் துணிச்சலும் மட்டும் தீர்மானிப்பதில்லை, பின்னால் இருக்கும் பணமும் தீர்மானிக்கிறது. நீங்கள் உதவலாம், உதவாமலும் இருக்கலாம். உதவினால் திரும்பி வராவிட்டாலும் உங்கள் ஓய்வுக்காலம் கெடாத ஒரு தொகையை ஒரே தடவை கொடுங்கள். வங்கிக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மட்டும் போடாதீர்கள். "கம்பெனியாகப் பதிவு செய்தால் நம் சொத்தைத் தொட மாட்டார்கள்" என்பார்கள். பதிவு செய்வது பாதுகாப்புதான், ஆனால் நீங்கள் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றுவிட்டால் அந்தக் கடனைப் பொறுத்தவரை அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை.

அவளுக்குச் சொல்ல வேண்டிய சில்லறை விஷயங்களும் உண்டு. தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. வரும் பணத்தில் வரிக்கென ஒரு பங்கை அன்றே ஒதுக்கிவிடுவது. பில் கொடுத்த அன்றே பணம் வராது என்று வைத்துக்கொண்டு கையிருப்பைக் கணக்கிடுவது. கணக்கில் லாபம் காட்டிக்கொண்டே கையில் காசில்லாமல் மூடிப்போகும் தொழில்கள் நிறைய.

இந்த வாரம் அவளிடம் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். உறவும் நட்பும் இல்லாத ஒருவர் இதற்குப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறாரா? எவ்வளவு பணம், எத்தனை மாதம் போனபின் நிறுத்துவாய்? முதல் கேள்விக்கு ஆமாம் என்றால், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் என்றால், நேராகத் தொழிலில் இறங்குவதைப் பற்றி நானும் மறுபடி யோசிப்பேன். இரண்டாவதற்கு அவள் தரும் பதிலைத் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலையில் சேரும் நாளைச் சில மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று அந்த நிறுவனத்திடம் அவளையே கேட்கச் சொல்லுங்கள். சில நிறுவனங்கள் ஒத்துக்கொள்கின்றன. உத்தரவுக்குப் பதில் சொல்லக் கடைசி நாள் எது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன்பாக அவளை என்னிடம் பேச அனுப்புங்கள். முடிந்தால் தனியாக.