ராத்திரி எட்டு மணி ஸ்டாண்டப்பும் ஜிகர்தண்டா பில்லும்: மதுரை மென்பொருள் கேள்வி பதில்

கேள்வி (அண்ணா நகர்): அண்ணே, இலந்தைக்குளத்துல வேலை. நியூயார்க் கிளையண்ட்டோட ஸ்டாண்டப் (தினமும் நடக்குற சின்ன மீட்டிங்) சாயங்காலம் ஏழு மணிக்கு இருந்துச்சு. நவம்பர் வந்ததும் எட்டுக்குப் போயிருச்சு. வீட்டுல "வேணும்னே லேட்டா வர்றியா"ன்னு கேக்குறாங்க. என்ன சொல்ல?

பதில்: வீட்டுக் காலண்டரில் இரண்டு நாளைச் சுற்றி வைத்துவிடுங்கள்: மார்ச் இரண்டாவது ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. முதல் நாளில் அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், இரண்டாவது நாளில் பின்னால் இழுப்பார்கள். அவர்களுடைய காலை 9:30 கோடையில் நமக்கு இரவு 7:00, குளிர்காலத்தில் 8:00. மீட்டிங்கை அசைத்தது உங்கள் மேனேஜர் இல்லை.

லண்டன் ஆட்களும் அதே மீட்டிங்கில் இருந்தால் இன்னும் கூத்து. அவர்கள் மாற்றுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அதனால் மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், அக்டோபர் கடைசியில் ஒரு வாரமும் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் ஐந்து மணி நேரத்திலிருந்து நாலாகச் சுருங்கும். அந்த நாட்களில் யாராவது ஒருத்தர் தனியாக உட்கார்ந்து "ஹலோ, ஹலோ" சொல்லிக்கொண்டிருப்பார்.

புரோகிராம் கோடில் கவனிக்க வேண்டியவை: நேர மண்டலத்தை "இஎஸ்டி" என்று எழுதாதீர்கள், அது நியூயார்க்கின் குளிர்கால நேரம் மட்டும்தான். "அமெரிக்கா/நியூயார்க்" என்ற ஊர்ப் பெயரை வையுங்கள். நடந்து முடிந்ததை உலகப் பொது நேரமான யூடிசியில் சேமிக்கலாம். இனி நடக்க வேண்டிய அப்பாயிண்ட்மெண்ட் என்றால் உள்ளூர் நேரத்தையும் மண்டலப் பெயரையும் சேர்த்தே சேமியுங்கள். இன்னொன்று, நம்ம அரை மணி. ஒன்பதரை மணி நேர வித்தியாசத்தை எக்செல்லில் 9.30 என்று போட்டுக் கூட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஒன்பது மணி பதினெட்டு நிமிடம். 9.5 போட வேண்டும். ரிப்போர்ட்டில் எல்லாமே பன்னிரண்டு நிமிடம் தள்ளி நின்றால் முதலில் இங்கே பாருங்கள்.

கேள்வி (வில்லாபுரத்திலிருந்து ஓர் அம்மா): தம்பி, பையனுக்கு ஆறு லட்சம் பேக்கேஜ்னு லெட்டர் வந்திருக்கு. மாசம் அம்பதாயிரம்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன். சரிதானே?

பதில்: இன்னும் சொல்லாதவர்கள் யாரும் பாக்கி இருந்தால் முப்பத்தெட்டாயிரம் என்று சொல்லுங்கள், அம்மா. கணக்கு இது. அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது வருடத்துக்கு 3,00,000 என்று வைப்போம். கம்பெனி கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 36,000. கிராஜுவிட்டிக்கு, அதாவது பணிக்கொடைக்கு, 4.81 சதவீதம், 14,430. "வேரியபிள்" என்று, வேலையைப் பார்த்துக் கூடக் குறையத் தரும் பங்கு பத்து சதவீதம் இருந்தால் 60,000. இந்த மூன்றும் பேக்கேஜுக்குள்ளே இருக்கும், மாதச் சம்பளத்தில் இருக்காது. மிச்சம் 4,89,570. பன்னிரண்டால் வகுத்தால் 40,797. அதிலிருந்து பையனுடைய பங்கு பி.எஃப். 3,000 போகும். அரையாண்டுக்கு ஒருமுறை தொழில் வரி கொஞ்சம் பிடிப்பார்கள். புதிய வரி முறையில் இந்தச் சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது.

சில கம்பெனிகள் பி.எஃப்.-ஐ 15,000 ரூபாய் வரம்புக்கு மட்டும் பிடிக்கும். அப்போது இரண்டு பக்கமும் 1,800 தான், கைக்கு நாற்பதாயிரத்தை ஒட்டி வரும். லெட்டரில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வேரியபிள் முழுசாக வரும் என்று நம்பி தவணையில் எதுவும் வாங்க வேண்டாம். கிராஜுவிட்டிப் பணம், நிரந்தர வேலையில் ஐந்து வருடம் முடிக்காமல் மாறினால் கைக்கு வராது. பையன் ஐந்து வருடம் இருப்பானா என்று என்னைக் கேட்காதீர்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): என் பேரு பாண்டி, இனிஷியல் எம். ஆன்லைன் ஃபார்ம்ல "கடைசிப் பெயர் குறைந்தது இரண்டு எழுத்து"ன்னு சிவப்புல வருது. எம்.எம்.னு போட்டுரவா?

பதில்: போட்டுவிடாதீர்கள். அந்த இரண்டாவது எம். உங்கள் பணிக்காலம் முழுக்கக் கூடவே வரும்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் என்பது அந்த ஃபார்மை எழுதியவருக்குத் தெரியாது. ஆச்சரியம் என்னவென்றால், எழுதியவரும் பல நேரம் இனிஷியல்காரராகவே இருப்பார். டெம்ப்ளேட்டை அப்படியே எடுத்துப் போட்டிருப்பார். ஃபார்ம் எழுதுகிறவர்கள் இருந்தால் கேளுங்கள்: முழுப்பெயருக்கு ஒரே கட்டம் போதும். இரண்டு வேண்டும் என்று கிளையண்ட் அடம் பிடித்தால் இரண்டாவதைக் கட்டாயம் ஆக்காதீர்கள். குறைந்தபட்ச நீளம் ஒன்று. புள்ளியையும் இடைவெளியையும் தடுக்காதீர்கள்.

நிரப்புகிறவர்களுக்கு: இனிஷியலை விரித்து அப்பாவின் முழுப்பெயரைக் கடைசிப் பெயராகப் போடுங்கள், எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலில். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயர் ஆகிவிடும், முதல் பெயர் இடத்தில் "எஃப்என்யூ" என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அப்புறம் ஆபீஸ் மெயில் ஐடி முதல் காபிக் கடை கப் வரைக்கும் நீங்கள் மிஸ்டர் எஃப்என்யூ.

பி.எஃப்.-இல்தான் உண்மையான தலைவலி. யூஏஎன்-இல் (உங்கள் பி.எஃப். எண்ணில்) "பாண்டி எம்", ஆதாரில் அப்பா பெயர் விரித்து என்று இருந்தால் பணம் எடுக்கும்போது விண்ணப்பம் திரும்பி வரும். முதலில் ஆதாரைச் சரி செய்யுங்கள், அதைப் பார்த்து பான், பிறகு வங்கி, கடைசியாக யூஏஎன். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், அதனால் எழுத்துக்கூட்டலை முடிவு செய்துவிட்டு சேவை மையத்துக்குப் போங்கள். யூஏஎன் திருத்தத்துக்கு கம்பெனியின் ஒப்புதலும் தேவைப்படலாம். ராஜினாமா கொடுப்பதற்கு முன்பே முடிப்பது நல்லது. போன பிறகு எச்.ஆர். போனை எடுப்பது அவர்கள் மனசைப் பொறுத்தது.

கேள்வி (கீழவாசல்): சார், நம்ம ஜூஸ் கடைக்குத் தம்பி ஒருத்தன் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தான். ஜிகர்தண்டான்னு தமிழ்ல போட்டா பில்லுல வெறும் கேள்விக்குறியா வருது. வர்றவங்க "எதைக் குடிச்சோம்னு கடைக்காரருக்கே சந்தேகமா"ன்னு சிரிக்கிறாங்க.

பதில்: முதலில் திரையைப் பாருங்கள். திரையிலும் கேள்விக்குறி என்றால் கோளாறு டேட்டாபேஸில். தமிழே தெரியாத எழுத்துமுறையில், பெரும்பாலும் லத்தீன்1-இல், அட்டவணையை உருவாக்கியிருப்பார். அப்படிச் சேமித்த எழுத்து போனது போனதுதான், திரும்ப வராது. எல்லா மொழி எழுத்தையும் ஏற்கும் யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றிவிட்டு பொருட்களின் பெயர்களை மறுபடி அடிக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8-லும் தமிழ் நிற்கும், ஆனால் வாடிக்கையாளர் கருத்தில் சிரிப்பு பொம்மை ஒன்று போட்டால் விழுந்துவிடும். அதற்கு நாலு பைட் வேண்டும்.

நீளத்தையும் பாருங்கள். "ஜிகர்தண்டா" நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்குப் பத்து குறியீடு, யூடிஎஃப்-8-இல் முப்பது பைட். இருபது பைட்டோடு வெட்டுகிற புரோகிராம் என்றால் தண்டாவைப் பாதியிலேயே முறித்துவிடும்.

திரையில் சரியாக இருந்து காகிதத்தில் மட்டும் கேள்விக்குறி என்றால், பிரிண்டர். கடைகளில் இருக்கும் சாதாரண தெர்மல் பிரிண்டருக்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. அதற்கு எழுத்தாக அனுப்பாமல் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 80 மி.மீ. பிரிண்டர் என்றால் படத்தின் அகலம் 576 புள்ளி, 58 மி.மீ. என்றால் 384. எழுத்து உயரம் 24 முதல் 28 புள்ளி வையுங்கள், கொஞ்சம் தடித்த எழுத்துரு எடுங்கள். மெல்லிசான எழுத்துருவில் சுழிகள் அடைந்துபோகும், புள்ளி காணாமல் போகும். சாம்பல் நிறம் வேண்டாம், கறுப்பு வெள்ளை மட்டும். ஒரே வரியில் பெயர் படமாகவும் விலை எழுத்தாகவும் கலந்தால் ஒரே மட்டத்தில் நிற்காது. வரி முழுவதையும் படமாக்குங்கள்.

இதைச் செய்ததும் "பில் ஆமை மாதிரி வருது" என்று அடுத்த போன் வரும். காரணம் கேபிள். 576 புள்ளி என்றால் ஒரு கோட்டுக்கு 72 பைட். ஒரு வரி எழுத்துக்கு முப்பது கோடு, 2,160 பைட். இருபது வரி பில்லுக்கு 43,200. பழைய சீரியல் கேபிளில் வேகம் 9,600 என்று இருந்தால் நொடிக்கு சுமார் 960 பைட்தான் போகும், பில்லுக்கு முக்கால் நிமிடம். ஐஸ்கிரீம் உருகிவிடும். வேகத்தை 115,200-க்கு மாற்றினால் நாலு நொடிக்குள் முடியும். யூஎஸ்பி அல்லது லேன் வயர் என்றால் இந்தக் கவலையே இல்லை.

கேள்வி (மேலூர்): மருமகப்புள்ளைக்குக் காதுகுத்து. நான் அனுப்புன ஃபைல் ஃப்ளெக்ஸ் கடையில திறந்தா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமா நிக்குது.

பதில்: தாய்மாமன் பெயரில் எழுத்து உடைந்தால் சபையில் பிரச்சினை ஆகும், சீக்கிரம் செய்யுங்கள். உங்கள் கம்ப்யூட்டரிலேயே எழுத்தை அவுட்லைனாக, அதாவது வெறும் கோட்டு வடிவமாக மாற்றி பி.டி.எஃப். ஆக அனுப்பிவிட்டால் கடையில் எந்த எழுத்துரு இருந்தாலும் கவலையில்லை. கடையிலேயே ஃபோட்டோஷாப்பில் அடிக்கிறார்கள் என்றால் அமைப்பில் எழுத்துப் பகுதிக்குப் போய் தெற்காசிய எழுத்துமுறையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். பழைய பதிப்புகளில் இது கிழக்காசியத்தில் நிற்கும். பெயர்களை அவுட்லைன் ஆக்குவதற்கு முன் இரண்டு பேர் படித்துப் பார்க்கட்டும். ஆக்கிய பிறகு திருத்த முடியாது.

கேள்வி (கே.கே. நகர்): வெள்ளிக்கிழமை டிப்ளாய் பண்ணக் கூடாது, அதாவது புதுப் பதிப்பை ஏத்தக் கூடாதுங்கிறது மூடநம்பிக்கைதானே?

பதில்: ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு வரை என்பது நம்பிக்கை. சனிக்கிழமை காலையில் யாரும் போன் எடுக்க மாட்டார்கள் என்பது அனுபவம். பத்து நிமிடத்தில் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியும் என்றால் எந்தக் கிழமையும் நல்ல கிழமை. டேட்டாபேஸ் மாற்றம் சேர்ந்திருந்தால் திரும்ப முடியாது, அதைத் தனியாகப் பிரியுங்கள்: முதல் வாரம் அட்டவணையில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது, பிறகு புரோகிராம் பழையது புதியது இரண்டிலும் எழுதுவது, பழையதை யாரும் படிக்கவில்லை என்று லாக் பதிவில் உறுதியான பிறகே அதை நீக்குவது.

ஆயுத பூஜை பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார், இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தனம் குங்குமம் மூடிமேல் வையுங்கள், காற்றுத் துளையில் வேண்டாம். சர்வர் அறைக்குள் கற்பூரம் கூடவே கூடாது. புகை உணரி அதைத் தீ என்றுதான் எடுத்துக்கொள்ளும், தீயணைப்பு வாயு திறந்தால் ஆள் உள்ளே இருப்பது ஆபத்து. தீபாராதனையைக் கதவுக்கு வெளியே காட்டினால் போதும். பூசணிக்காய் ரோட்டில் உடைப்பதாக இருந்தால் பைக்கில் வருபவர்கள் வழுக்காமல் உடனே அள்ளிவிடுங்கள்.

கேள்வி (திருமங்கலம்): மாசம் ஒரு நாள் பராமரிப்புன்னு காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் கரண்ட் இல்ல. வீட்டுல இருந்து வேலை. 150 ஏஎச் பேட்டரி தாங்குமா?

பதில்: தாங்கும், வீட்டில் எல்லோரும் ஒத்துழைத்தால். 150 ஏஎச்சை 12 வோல்ட்டால் பெருக்கினால் 1,800 வாட் மணி. அதில் எண்பது சதவீதம் எடுக்கலாம், இன்வெர்ட்டர் தின்பது இன்னொரு இருபது சதவீதம், கையில் நிற்பது சுமார் 1,150. லேப்டாப் 60 வாட், ரௌட்டர் 10, சாதாரண ஃபேன் 75. மொத்தம் 145, ஏறத்தாழ எட்டு மணி நேரம். கரண்ட் குறைவாகத் தின்னும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன் மாட்டினால் பதினொரு மணி நேரத்தைத் தாண்டும். நடுவில் யாராவது 750 வாட் மிக்ஸியைப் போட்டால் இந்தக் கணக்கைக் கிழித்துப் போடுங்கள். சின்ன இன்வெர்ட்டர் ஓவர்லோடில் நின்றே போகும். மூன்று நாலு வருடப் பேட்டரி என்றால் பாதிதான் எதிர்பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் தவிர ஆர்.ஓ. தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

பேட்டரி இருந்தும் நெட் போகிறதா? ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் (சிக்னல் இல்லை) விளக்கு சிவப்பானால் கோளாறு பெரும்பாலும் உங்கள் வீட்டில் இல்லை. ஒயர் அறுந்திருக்கும், இல்லை கேபிள்காரர் ஆபீஸில் பேட்டரி தீர்ந்திருக்கும். ஷட்டவுன் அறிவிப்பு வந்ததுமே அவரிடம் "எத்தனை மணி வரை நிற்கும்" என்று கேட்டு வையுங்கள். அதற்குப் பிறகு மொபைல் டேட்டா, வீடியோவை அணைத்துவிட்டு.

கேள்வி (திருநகர்): ரெண்டு நாள்ல முடியும்னு சொன்ன வேலை எப்பவும் ஒரு வாரம் ஆகுதே?

பதில்: கோரிப்பாளையத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டு சிக்னலை விட்டுவிடுகிறீர்கள். கோடு எழுதும் நேரம் மட்டும் சொல்லாமல் ரிவியூவுக்குக் காத்திருப்பது, டெஸ்டிங், அனுமதி வாங்குவது மூன்றையும் தனி வரியாக எழுதுங்கள். அரை நாளைவிடப் பெரிய துண்டு எதுவும் பட்டியலில் இருக்கக் கூடாது.

கேள்வி (அலங்காநல்லூர், இப்போது சென்னையில்): வருசா வருசம் பொங்கல் சமயத்துலதான் பெரிய ரிலீஸ் வருது. கிளையண்ட்டு வேணும்னே செய்றானா?

பதில்: அவருக்குப் பொங்கலே தெரியாது. பல அமெரிக்க கம்பெனிகளில் நவம்பர் கடைசியிலிருந்து புத்தாண்டு வரை எதையும் மாற்றக் கூடாது என்று பூட்டிவிடுவார்கள். பூட்டைத் திறந்ததும் ஒன்றரை மாதம் தேங்கியது எல்லாம் ஜனவரி நடுவில் வந்து விழும். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு மூன்றும் அடுத்தடுத்த நாள் அங்கேதான் நிற்கின்றன.

அக்டோபரிலேயே கிளையண்ட் காலண்டரில் அந்த நாட்களை "பிராந்திய விடுமுறை, ஆள் இல்லை" என்று போட்டுவிடுங்கள். "லீவு கிடைக்குமா" என்று ஜனவரியில் கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான். ஜனவரி 13 இரவு பாண்டியனில் கிளம்ப வேண்டுமென்றால் நவம்பர் 14 காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். அன்றைக்கு ஸ்டாண்டப் இருந்தால் கேமராவை அணைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சோழவந்தான்): ஐ.டி.ல இருக்கேன்னு தெரிஞ்சதும் பெரியப்பா பிரிண்டரை எடுத்துட்டு வந்துட்டாரு. நான் ஜாவா எழுதுறவன், அண்ணே.

பதில்: அதைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பயனில்லை. விண்டோஸின் சர்வீசஸ் பகுதியில் பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைக்கும் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்துங்கள், விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரைக் காலி செய்யுங்கள், ஸ்பூலரை மறுபடி ஓடவிடுங்கள். சிக்கிய வேலைகள் போய்விடும். வைஃபை பிரிண்டர் "ஆஃப்லைன்" என்று அடிக்கடி சொன்னால் ரௌட்டர் அதற்கு அடிக்கடி புது முகவரி தருவது காரணமாக இருக்கலாம். ரௌட்டர் அமைப்பில் அந்த பிரிண்டருக்கு ஒரே முகவரியை ஒதுக்கிவிடுங்கள். சரியானதும் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டாம் என்று பெரியப்பாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லிவிடுவார், கேட்டு வைப்பது நம் கடமை.